விடுபட்ட ஒரு வரி

எங்கள் தெருவில் அவருக்கு ‘மிலிட்டரிக்காரர்’ என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதனால் நான் அண்ணே என்பேன். அவர் என்னைக் ‘கிளார்க் சார்’ என்பார். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே அரசாங்க வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான சங்கராபுரத்துக்கு வந்து சேர்ந்தவன். ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டியிருந்தாலும் என் திண்ணைக்கு வருவார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் அண்ணன் மஞ்சப்பையோடு வந்தார். உள்ளேயிருந்து பாலிதீன் உறையில் சுற்றிய ஒரு புத்தகத்தை எடுத்தார். அவருடைய டிஸ்சார்ஜ் புக்.

“சார், பேரன் இங்கிலீஷ் மீடியம் படிக்கிறான். இதைப் படிச்சுப் பார்த்துட்டு, ‘தாத்தா, நீ சண்டைக்குப் போனேன்னு சொன்னியே, இதுல இல்லையே’ன்னு கேக்கறான். நீங்க ஒரு தடவை பாருங்க.”

பார்த்தேன். பதக்கங்கள் எழுதும் இடத்தில் மூன்று இருந்தன. சங்க்ராம் மெடல், சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டு மெடல், ஒன்பது ஆண்டு சேவை மெடல். இந்த மூன்றில் எதுவும் போர்முனைக்குப் போனவர் என்று சொல்லாது. 1971 போர்க்காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குச் சங்க்ராம் மெடல் உண்டு. எல்லையிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி ஸ்டோரில் கணக்கு எழுதியவருக்கும் உண்டு. 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு 25-ஆம் ஆண்டு மெடல். போர்முனையில் நின்றவருக்கு என்று தனியாக இரண்டு இருந்தன. கிழக்கே போனவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே போனவருக்குப் பஸ்சிமி ஸ்டார். அண்ணன் 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் பதுங்குகுழியில் கிடந்தவர். அந்த ஸ்டார் புத்தகத்தில் இல்லை.

“இதுல எத்தனை ரூபாய் கூடக் கிடைக்கும்?” என்று அவர் மகன் கேட்டார். ஒரு ரூபாயும் கிடைக்காது என்றேன். வீரச்செயலுக்குத் தரும் விருதுகளுக்குப் பணம் உண்டு. இப்படிப் போரில் பங்கெடுத்ததற்குத் தரும் மெடலுக்குப் பென்ஷனில் சல்லிக்காசு ஏறாது. மகன் எழுந்து போய்விட்டார். அண்ணன் போகவில்லை.

“அப்ப நான் அங்க இல்லைன்னுதானே சார் அர்த்தம்?” என்றார்.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் என் பழைய கணக்கு ஒன்று. நான் வேலையில் இருந்தபோது ஓர் அலுவலக உதவியாளரின் பணிப்பதிவேட்டில் ஒரு வருஷத்துப் பணி சரிபார்ப்புக் குறிப்பை எழுதாமல் விட்டிருந்தேன். வேண்டுமென்று செய்ததில்லை. அன்றைக்கு மேசையில் கோப்பு மலைபோல் இருந்தது. 17 வருஷம் கழித்து அவர் ஓய்வு பெற்றபோது, அந்த வருஷம் அவர் வேலையே பார்க்கவில்லை என்று கேள்வி கிளம்பியது. பென்ஷன் 14 மாதம் தள்ளிப்போனது. தினமும் நான் கையில் டீ வாங்கிக் குடித்த மனிதர். எழுதாத ஒரு வரிக்கு, நேரில் பார்த்த என் கண்ணைவிட அதிகாரம் இருந்தது.

ராணுவத்திலும் நடைமுறை ஏறக்குறைய இதுதான். ஒரு சிப்பாய் விடுப்பில் போனாலும், கல்யாணம் செய்துகொண்டாலும், குழந்தை பிறந்தாலும், மெடல் பெற்றாலும் அவருடைய யூனிட் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவில் அதை வெளியிட வேண்டும். அது ரெக்கார்டு அலுவலகத்துக்குப் போகும். அங்கே ‘ஷீட் ரோல்’ என்னும் அவருடைய பணிப்பதிவேட்டில் ஏறும். ஓய்வு பெறும்போது அதைப் பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் புக் எழுதுவார்கள். முதல் படியில் ஒரு பெயர் விட்டுப்போனால் கடைசிப் படி வரைக்கும் வராது. யாரும் பொய் எழுதியிருக்க மாட்டார்கள். எல்லோரும் தங்களிடம் வந்த காகிதத்தைச் சரியாகத்தான் நகல் எடுத்திருப்பார்கள்.

நான் வளர்ந்த புதுச்சேரியில் ராணுவக் காகிதத்துக்கு இருந்த மரியாதையைச் சொல்ல வேண்டும். கடற்கரையில் உள்ள போர் நினைவுச் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். முதல் உலகப்போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட பிரெஞ்சிந்தியர்களுக்காகக் கட்டி, 1938-இல் திறந்தார்கள். ஜூலை 14-ம் நவம்பர் 11-ம் வந்தால் பழைய ‘சொல்தா’க்கள் கோட்டு போட்டு, நெஞ்சில் மெடல்களைக் குத்திக்கொண்டு அங்கே வந்து நிற்பார்கள். சைகோன் வரை போய்வந்தவர்கள் அவர்களில் உண்டு. பள்ளிக்கூடப் பையனாக நான் அந்த மெடல்களை எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஆனால் அவர்கள் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது மெடல் இல்லை, காகிதம். பிரெஞ்சுப் பதிவேட்டில் குடும்பப்பெயர் ஒன்று, சொந்தப்பெயர் ஒன்று என்று இரண்டு இருந்தாக வேண்டும். நமக்கோ இனிஷியலும் ஒரு பெயரும்தான். 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தனிச்சட்ட உரிமையைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப்பெயர் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்குச் சில சமயம் அப்பா பெயர் அந்த இடத்தில் ஏறும், சில சமயம் இவர் பெயரே ஏறும். எழுத்துக்கூட்டலும் வேறு. முருகேசன் என்பதை ஆங்கிலத்தில் 9 எழுத்தில் முடிப்பார்கள். புதுச்சேரிப் பிரெஞ்சு வழக்கில் அதுவே 13 எழுத்து. ஒரே ஆள் இரண்டு காகிதத்தில் இரண்டு ஆளாக நிற்பார். ‘இவர்தான் அவர்’ என்று சான்று வாங்க நடையாய் நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெயர்க் குழப்பம் எளிய சிப்பாய்க்கு மட்டும் வருவதில்லை. கார்கில் போரில் டைகர் ஹில்லில் 1999 ஜூலை 4 அன்று 18-ஆவது கிரெனடியர்ஸ் படையைச் சேர்ந்த யோகேந்திர சிங் யாதவ் என்ற 19 வயதுப் பையன் உடம்பெல்லாம் குண்டு வாங்கியும் மேலே ஏறினார். நாட்டின் மிக உயர்ந்த பரம்வீர் சக்ரா அவருக்கு அறிவிக்கப்பட்டது, மறைவுக்குப் பிந்தைய விருதாக! ஆனால் அவரோ ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார். அதே பட்டாலியனில் அதே பெயருடைய இன்னொரு வீரர் உயிர்துறந்திருந்தார். பெரிய விருது என்பதால் தவறு உடனே வெளிவந்தது. பங்கேற்பு மெடல் ஒன்று விட்டுப்போனால் தேட யார் வருவார்கள்?

இந்த விஷயத்தில் எனக்கு மறக்க முடியாத மனிதர் ஒருவர் உண்டு. பெயர் ஹென்றி ஜான்சன், அமெரிக்கக் கறுப்பர். ஆல்பனி ரயில் நிலையத்தில் சுமை தூக்கியவர். முதல் உலகப்போரில் கறுப்பர்களைக் கொண்ட 369-ஆவது காலாட்படைப் பிரிவில் சேர்ந்தார். வெள்ளைச் சிப்பாய்களோடு அவர்களைச் சேர்த்துச் சண்டைக்கு அனுப்ப அமெரிக்க ராணுவம் விரும்பாமல், அந்தப் பிரிவைப் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்துவிட்டது. 1918 மே மாதம் ஓர் இரவு, ஆர்கோன் காட்டோரம் ஜான்சனும் நீதம் ராபர்ட்ஸ் என்பவரும் காவலில் இருந்தார்கள். ஒரு டஜன் ஜெர்மானியருக்கு மேல் வந்து விழுந்தார்கள். துப்பாக்கி சிக்கிக்கொண்டதும் அதையே தடியாகச் சுழற்றினார் ஜான்சன். பிறகு கத்தியை எடுத்தார். மயங்கிக் கிடந்த ராபர்ட்ஸை எதிரி தூக்கிப்போக விடவில்லை. உடம்பில் 21 காயம்.

பிரெஞ்சு அரசு அவருக்கு ‘க்ருவா தெ கேர்’ பதக்கத்தைத் தங்க ஓலைச் சின்னத்தோடு கொடுத்தது. அவருடைய சொந்த நாடோ எதுவும் கொடுக்கவில்லை. அமெரிக்க டிஸ்சார்ஜ் காகிதத்தில் அந்த 21 காயத்தில் ஒன்றுகூட ஏறவில்லை.  1929-இல் வறுமையில் செத்துப்போனார். பின்னால் வந்தவர்கள் விடாமல் மனுப் போட்டார்கள். செனட்டர் சக் ஷூமரின் அலுவலகத்தார் தேடியபோது, படைத்தலைவர் பெர்ஷிங் அந்தக் காலத்திலேயே ஜான்சனின் வீரத்தைப் பற்றி அனுப்பிய தகவல் அகப்பட்டது. 1996-இல் காயப்பட்டோருக்கான பர்பிள் ஹார்ட் வந்தது. 2015 ஜூன் 2 அன்று மிக உயர்ந்த மெடல் ஆஃப் ஆனரை அதிபர் ஒபாமா அறிவித்துக் கொடுத்தார். சண்டை நடந்து 97 வருஷம்.

இதில் இன்னொரு சங்கதி. ஜான்சனின் வாரிசு என்று ஒரு குடும்பம் நெடுநாள் அவருக்காகப் போராடியது. கடைசியில் ராணுவம் ஆவணங்களை அலசியபோது ரத்த உறவு இல்லை என்று தெரிந்தது. மெடலை ஒரு ராணுவ அதிகாரிதான் வாங்கிக்கொண்டார். பதிவேட்டைத் திருத்தச் சொல்கிறவர் அது எதைக் காட்டினாலும் ஏற்கத் தயாராக இருக்க வேண்டும். இதை நான் அண்ணனிடமும் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எழுத மறந்தது ஒரு வகை, மாற்றி எழுதியது இன்னொரு வகை. கார்கிலில் பட்டாலிக் பகுதியில் 70-ஆவது பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய பிரிகேடியர் தேவிந்தர் சிங், தன் போர்ப்பணியை மேலதிகாரி குறைத்து எழுதிவிட்டார் என்று வழக்குப் போட்டார். ராணுவத் தீர்ப்பாயம் 2010-இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ரகசியக் குறிப்பேட்டிலிருந்து அந்த வரிகளை நீக்கவும், ராணுவத்தின் போர் வரலாற்று ஆவணத்தில் திருத்தம் செய்யவும் சொன்னது. பிரிகேடியருக்கே 11 வருஷம் ஆகியிருக்கிறது.

சரி, நம் மிலிட்டரிக்காரர் கதைக்கு வருகிறேன். எங்கே விட்டுப்போனது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து தேதிவாரியாக எழுதினோம். டிசம்பர் 3-ஆம் தேதி போர் தொடங்கியபோது அவர் முன்னணியில்தான் இருந்தார். 17-ஆம் தேதி சண்டை நின்றது. அடுத்த வாரமே மஞ்சள்காமாலை கண்டு ராணுவ மருத்துவமனைக்குப் போனார். குணமாகி வந்தபோது வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய யூனிட் மெடல் பட்டியல் எழுதும்போது ஆள் அங்கே இல்லை. புது யூனிட்டோ அது பழைய யூனிட்டின் வேலை என்று இருந்திருக்கும். இரண்டு மேசைக்கு நடுவில் விழுந்த காகிதம். ஒரு குமாஸ்தாவாக எனக்கு அது கண்ணால் பார்த்ததுபோல் தெரிந்தது.

சாட்சி வேண்டுமே! அவரோடு ஒரே நாளில் ஆள்சேர்ப்பில் தேர்வாகி, ஒரே கம்பெனியில், ஒரே பதுங்குகுழியில் இருந்த நண்பர் ஒருவர் திருக்கோவிலூர்ப் பக்கத்தில் இருந்தார். காமாலையில் துவண்ட அண்ணனை வண்டி வரைக்கும் தோளில் தூக்கிப்போனவர் அவர்தான். இப்போது இல்லை. அவர் மனைவியிடம் டிஸ்சார்ஜ் புக் இருந்தது. அதில் ஸ்டார் ஏறியிருந்தது. அந்த அம்மா தயங்காமல் புத்தகத்தைக் கொடுத்தார்.

மனுவில் ராணுவ எண், புத்தகத்தில் உள்ளபடியே பெயர், சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி, போர்க்கால யூனிட், மாற்றலான தேதி, மருத்துவமனையில் இருந்த நாட்கள், நண்பர் புத்தகத்தின் சான்றிட்ட நகல் எல்லாம் வைத்தோம். ஊரின் பெயரே ஒரு சிக்கல். அவர் சேர்ந்தபோது இது தென்னாற்காடு ஜில்லா. 1993-இல் விழுப்புரம் மாவட்டம் ஆனது, 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டம். மூன்றையும் குறித்து, ஊர் ஒன்றுதான் என்று தனி வரி எழுதினேன். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினோம்.

முதல் பதில், ‘பதிவேட்டில் இல்லாததால் வழங்க இயலாது’. பதிவேட்டில் இல்லை என்றுதானே மனுவே போட்டோம்! இரண்டாவது மனுவில் மெடலைக் கேட்கவில்லை. குறிப்பிட்ட நாட்களில் அவர் எந்த யூனிட்டில் இருந்தார் என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டோம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12 அன்று பிடித்த தீயில் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் எரிந்தன. சம்பளக் கணக்கு, மருத்துவமனைச் சேர்க்கை என்று வேறு காகிதங்களைக் கொண்டுதான் பலருடைய பணியை மறுபடி நிறுவினார்கள். ஒரு கதவு மூடியிருந்தால் பக்கத்துக் கதவைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டு, பதிவேட்டில் பஸ்சிமி ஸ்டார் சேர்க்கப்பட்டதாக ஒரு தாள். மெடல் கையிருப்பில் இல்லை, வந்ததும் அனுப்பப்படும் என்று கடைசியில் ஒரு வரி. அண்ணன் அந்த வரியைக் கவனிக்கவே இல்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழைய படைவீரர் இருந்தால், அவருடைய புத்தகத்தை ஒருமுறை வாங்கிப் படியுங்கள். எந்த வருஷம் எங்கே இருந்தார், கூட யார் இருந்தார் என்று அவர் வாயால் கேட்டு எழுதி வையுங்கள். பதிவேட்டை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். சாட்சி சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

தாள் வந்த மறுநாள் காலை அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பேரனிடம் காட்டியாயிற்றா என்று கேட்டேன். “அவன் எங்க போயிடப்போறான்” என்றார். திருக்கோவிலூர்ப் பக்கத்து அந்த வீட்டில், நண்பரின் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு தன் புத்தகத்தையும் தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இப்ப ரெண்டு பேருதும் ஒரே மாதிரி இருக்காண்ணே?” என்று கேட்டார்.

“ஒரே மாதிரிதாம்மா இருக்குது” என்றார் அண்ணன்.