‘ஸ்பை ஹண்டர்’: ஓர் உளவுக் காரின் வரலாறு



அண்மையில் என் தொடக்கநிலை ஐந்து மாணவன் ஒருவன் ‘என் விடுமுறை நாள்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதியிருந்தான். அதில் ஒன்றரைப் பக்கம் ஒரு காணொளி விளையாட்டைப் பற்றியே இருந்தது. உளவாளி ஒருவனின் கார், அதில் மறைந்திருக்கும் ஆயுதங்கள், அவன் முடிக்க வேண்டிய பணிகள். ‘தலைப்பை விட்டு விலகிவிட்டாய்’ என்று சிவப்பு மையால் எழுதப் போனவள் கையை நிறுத்திக்கொண்டேன். விளையாட்டின் பெயர் எனக்குப் புதிது. கார் மட்டும் பழையது. அந்தக் காரின் வரலாற்றையும், அது எங்கள் வீட்டில் பட்ட பாட்டையும் இங்கு எழுதத் தோன்றியது.

ஆயுதம் தாங்கிய உளவுக் கார் திரைப்படத்தில்தான் புகழ்பெற்றது. 1964இல் வெளிவந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ என்னும் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 கார் புகையைக் கக்கியது. சாலையில் எண்ணெயை ஊற்றியது. வேண்டாத பயணியை இருக்கையோடு வெளியே வீசியது. 1977இல் வந்த மற்றொரு பாண்ட் படத்தில் லோட்டஸ் கார் கடலுக்குள்ளேயே சென்றது. தமிழ்த்திரையும் சும்மா இருக்கவில்லை. மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’ 1966இல் வந்தது. ஜெய்சங்கர் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ ஆனார். சுஜாதாவின் கதையில் கமல்ஹாசன் நடித்த ‘விக்ரம்’ 1986இல் வந்தது.

அந்தக் காரை நாமே ஓட்டினால் எப்படியிருக்கும் என்ற ஆசைக்கு விடையாக 1983இல் அமெரிக்காவின் பாலி மிட்வே நிறுவனம் ‘ஸ்பை ஹண்டர்’ விளையாட்டை வெளியிட்டது. வடிவமைத்தவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் கோமெஸ். ஜேம்ஸ் பாண்ட் படங்களே அவருக்குத் தூண்டுகோல். பாண்ட் படத்தின் இசையைப் பயன்படுத்தும் உரிமை கிடைக்காததால், ‘பீட்டர் கன்’ தொலைக்காட்சித் தொடருக்கு ஹென்றி மான்சினி அமைத்த இசையைச் சேர்த்தார்கள். இன்று அந்த இசையைக் கேட்டால் தொடரை விட இந்த விளையாட்டையே நினைப்பவர்கள் பலர்.

நாணயம் போட்டு ஆடும் பெட்டி அது. விமானத்தின் கைப்பிடி போன்ற ஒரு ஸ்டியரிங், அதில் சுடுவதற்கான விசைகள், காலடியில் வேகமிதி, பக்கத்தில் கியர். கார் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டே இருக்கும். சரக்குந்து ஒன்று வரும்; அதன் பின்புறமாக ஏறிப் புகுந்தால் புகையோ எண்ணெயோ ஏவுகணையோ கிடைக்கும். சாலை பிரிந்து நீருக்குள் இறங்கும் இடத்தில் கார் படகாகிவிடும்.

ஆசிரியராக என்னைக் கவர்ந்தவை இரண்டு விதிகள். தொடக்கத்தில் 999இலிருந்து ஓர் எண் இறங்கிக்கொண்டே வரும். அது தீரும்வரை எத்தனை கார்கள் அழிந்தாலும் புதிய கார் கிடைக்கும். தொடக்கநிலை ஒன்றில் பேனாவுக்கு முன் பென்சிலும் அழிப்பானும் கொடுக்கிறோம் அல்லவா, அது போல. மற்றொன்று, சாலையில் அப்பாவிகளின் வண்டிகளும் செல்லும். அவற்றைச் சுட்டால் சிறிது நேரத்திற்குப் புள்ளிகள் ஏறவே மாட்டா. சுடுவதற்கென்றே செய்த விளையாட்டில் இப்படியொரு விதி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இப்பெட்டிகள் மீதான அச்சமும் அப்போதே தொடங்கிவிட்டது. பிலிப்பீன்ஸில் அதிபர் மார்க்கோஸ் 1981இல் காணொளி விளையாட்டுகளைத் தடை செய்தார். சிங்கப்பூரிலும் மாணவர்கள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு விளையாட்டுக் கூடங்களில் காசைக் கரைக்கிறார்கள் என்ற கவலையால், 1980களின் முற்பகுதியில் அக்கூடங்கள் மூடப்பட்டன. ஆகவே, என் வயதினர் பலர் அந்தப் பெட்டியைச் சிறுவயதில் கண்டதே இல்லை. விளையாட்டு தெருவை விட்டு வீட்டுக்குள் நுழைந்தது. 1987இல் தேக்காவிலிருந்து சிறிது தூரம் நடந்தால் எட்டும் இடத்தில் சிம் லிம் சதுக்கம் திறக்கப்பட்டது. வாரக் கடைசியில் தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு, பிள்ளையின் நச்சரிப்பு தாங்காமல் அங்கே ஏறி இறங்கிய தமிழ்ப் பெற்றோர் எத்தனை பேர்!

2001இல் மிட்வே நிறுவனம் ‘ஸ்பை ஹண்டர்’ விளையாட்டை முப்பரிமாணத்தில், பிளேஸ்டேஷன் 2 கருவிக்காகப் புதிதாக வெளியிட்டது. பழைய விளையாட்டுக்கு முடிவே கிடையாது. புதியதோ பணிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பணிக்கு முன்பும் முதன்மை நோக்கங்கள், துணை நோக்கங்கள் என ஒரு பட்டியல் திரையில் வரும். போதுமான நோக்கங்களை நிறைவேற்றினால்தான் அடுத்த பணி திறக்கும். கார் மிகவும் சேதமடைந்தால் மோட்டார் சைக்கிளாகச் சுருங்கித் தொடர்ந்து ஓடும்.

இதை எங்கள் அப்பா 2002இல் சிம் லிம் சதுக்கத்தில் தம்பிக்கு வாங்கித் தந்தார். அப்பாவுக்குத் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. பாதி நாள் இரவு நேர வேலை. துவாஸ் முன்பு மீனவர் வாழ்ந்த இடம். தென்னை ஓலைகளைக் கடலில் இட்டு, அதன் நிழலுக்கு மீன்களை ஈர்த்துப் பிடிக்கும் முறையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து பெயர் பெற்றது என்பர். பின்னர் கடல் நிரப்பப்பட்டுத் தொழிற்பேட்டை ஆயிற்று. அங்கிருந்து நிறுவனப் பேருந்தில் வீடு திரும்பும் அப்பா, தம்பியை விழித்த நிலையில் காண்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். இருவரும் சேர்ந்து ஆடுவார்கள். சாலை தம்பிக்கு, கார் படகாக மாறியதும் கைவிசை அவசர அவசரமாக அப்பாவிடம் போகும். கப்பலில் வேலை செய்பவருக்கே நீர் சொந்தம் என்பது அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். அந்த அவசரத்தில் படகு பலமுறை கரையில் மோதும், வீடே சிரிக்கும்.

நான் அப்போது தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி ஆசிரியர். புதிதாகப் படித்த கோட்பாடுகள் தலைக்குள் கொதித்துக்கொண்டிருந்த காலம். 2003 மார்ச் இறுதியில் சார்ஸ் நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது தம்பி பொழுதெல்லாம் திரைக்கு முன்னால் இருந்தான். அவனுக்கு அவ்வாண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. “இப்படியே விட்டால் தம்பி தேற மாட்டான், அப்பா. நான் ஆசிரியர், எனக்குத் தெரியும்” என்றேன். அப்பா மறுத்துப் பேசவில்லை. மறு வாரமே கருவியை விற்றுவிட்டார். அந்த விளையாட்டை ஒருமுறைகூட முழுமையாக உட்கார்ந்து பார்க்காமல்தான் நான் தீர்ப்புச் சொன்னேன்.

தேர்வு முடிந்தபின் தம்பியின் மேசையைத் துப்புரவு செய்தபோது ஒரு பயிற்சிப் புத்தகம் அகப்பட்டது. அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆகவே, ஒவ்வொரு பணியின் நோக்கங்களையும் தம்பி தமிழில் எழுதி வைத்திருந்தான். ‘எதிரியின் படகை அழிக்க வேண்டும்’, ‘நம் ஆளைக் காப்பாற்ற வேண்டும்’. ஒற்றுப்பிழைகள் ஏராளம். ‘காப்பாற்ற’ என்பதற்கு இடையின ரகரம் போட்டிருந்தான். சில இடங்களில் அப்பா பென்சிலால் திருத்தியிருந்தார். ஓரத்தில் ‘பாலம் தாண்டியதும் இடப்பக்கம் போ’ என்று குறிப்பும் எழுதியிருந்தார். பள்ளிக்கு வெளியே தம்பி தானாக விரும்பித் தமிழில் எழுதியது அந்தப் பதினோரு பக்கங்கள்தாம். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தூங்கினார். தம்பி துணைப்பாட வகுப்புக்குப் போனான்.

2008 முதல் சிங்கப்பூரில் காணொளி விளையாட்டுகளுக்கு வயதுவாரி வகைப்பாடு வந்தது. 16 வயது, 18 வயது என்னும் அடையாளங்களைப் பெற்றோர் கட்டாயம் பார்த்து வாங்க வேண்டும். நேர அளவும் வேண்டும். இதில் எனக்கு இரு கருத்து இல்லை. ஆனால், வீட்டில் யார் யாரோடு, எந்த மொழியில் பேசி அதை ஆடுகிறார்கள் என்பதை அட்டைப் பெட்டியின் மேல் எவரும் அச்சிட முடியாது.

மாணவனின் கட்டுரைக்கு வருகிறேன். ‘ஏவுகணை’ என்ற சொல்லைச் சரியாக எழுதியிருந்தான். எங்கே கற்றாய் என்று கேட்டதற்கு, “தாத்தா சொன்னார், ஆசிரியர்” என்றான். மாலையில் அப்பாவைப் பார்க்கச் சென்றபோது அக்கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். அவர் பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அந்தக் கார் தண்ணியில எறங்குமா?”

தெரியவில்லை, அப்பா. திங்கட்கிழமை அவனிடம் கேட்டுச் சொல்கிறேன்.