வானூர்திக் கட்டமைப்பு நலக் கண்காணிப்பு உணரிகள்

வானூர்திக் கட்டமைப்பு நலக் கண்காணிப்பு உணரிகள் என்பவை வானூர்தியின் உடல், இறக்கை, வால் முதலிய பகுதிகளில் நிலையாக ஒட்டப்பட்டோ உள்ளே பதிக்கப்பட்டோ, அங்கு தோன்றும் விரிசல் முதலிய சேதங்களை அறிய உதவும் கருவிகள் ஆகும். பாகங்களைக் கழற்றிச் சோதிக்கும் தேவையை இவை குறைக்கக்கூடும். ஆயினும் வழமையான சோதனைகளை முற்றாக நீக்கிவிடவில்லை.

பின்னணி

ஒவ்வொரு பறப்பிலும் வானூர்தியின் உடலுக்குள் காற்றழுத்தம் ஏற்றப்பட்டுப் பின்னர் குறைக்கப்படுகிறது. இவ்வாறு மீண்டும் மீண்டும் ஏற்படும் சுமையால் உலோகத்தில் நுண்ணிய விரிசல்கள் தோன்றி வளர்வது உலோகக் களைப்பு எனப்படும். 1954 இல் இரண்டு கொமெட் வானூர்திகள் நடுநிலக் கடலுக்கு மேலே சிதைந்ததற்கு இதுவே காரணமாகக் கருதப்படுகிறது.

1988 ஏப்ரல் 28 அன்று அவாய்த் தீவுகளில் அலோகா ஏர்லைன்சு நிறுவனத்தின் போயிங் 737 வானூர்தியின் மேற்பகுதி, ஏறத்தாழ 24,000 அடி உயரத்தில் பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அவ்வானூர்தி 89,680 பறப்புகளை முடித்திருந்தது. தகடுகளின் இணைப்பில் ஒட்டு விட்டிருந்ததையும் களைப்பு விரிசல்களையும் பராமரிப்புச் சோதனைகள் கண்டறியத் தவறியதாக விசாரணை முடிவு கூறியது.

வகைகள்

* ஒளியிழை உணரி: இழையின் உள்ளகத்தில் அமைந்த பிராக் கீற்றணி, குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும். இழை நீண்டால் அவ்வலைநீளம் மாறும். அதிலிருந்து திரிபு கணக்கிடப்படுகிறது. வெப்பநிலையும் அலைநீளத்தை மாற்றுவதால் அதன் விளைவைக் கழிக்க வேண்டும்.
* அழுத்தமின் உணரி: மின்னழுத்தம் கொடுத்தால் அதிர்ந்து, தகட்டின் வழியே மீயொலி அலைகளை அனுப்பும். வழியில் விரிசல் இருந்தால், மறுமுனை உணரியை அடையும் அலை மாறுபடும்.
* வெற்றிட உணரி: மேற்பரப்பில் ஒட்டப்பட்ட நுண்ணிய கால்வாய்களில் வெற்றிடம் பேணப்படும். விரிசல் கால்வாயை அடைந்தால் காற்றுக் கசிந்து வெற்றிடம் குறையும்.

கூட்டுப்பொருள்கள்

போயிங் 787 இன் கட்டமைப்பு எடையில் ஏறத்தாழ பாதி கூட்டுப்பொருள்களாகும். கரிம இழை அடுக்குகளாலான பகுதியில் ஒரு பொருள் மோதினால், வெளியே அடையாளம் தெரியாமலே உள்ளே அடுக்குகள் பிரியக்கூடும். இத்தகைய சேதம் கண்ணால் பார்க்கும் சோதனையில் தப்பிவிடலாம்.

சிக்கல்கள்

வழமையான ஒளியிழையின் விட்டம் 125 மைக்ரோமீட்டர். கரிம இழையின் விட்டமோ 5 முதல் 7 மைக்ரோமீட்டர். எனவே பதிக்கப்படும் ஒளியிழையைச் சுற்றிப் பிசின் தேங்கி, அவ்விடம் வலுக்குறையக்கூடும். உள்ளே பதித்த உணரி பழுதுபட்டால் அதனை மாற்றுவதும் கடினம். உணரியின் ஒட்டு விடுவதும் கட்டமைப்பில் விரிசல் விழுவதும் ஒத்த குறிகளைத் தரலாம். பொய்யான எச்சரிக்கை வானூர்தியைக் காரணமின்றித் தரையில் நிறுத்தும். தவறவிடப்பட்ட விரிசல் உயிரிழப்புக்கு இட்டுச்செல்லும். ஆகவே உணரியின் நம்பகத்தன்மையை நிறுவுவதே இத்துறையின் முதன்மைச் சவாலாக உள்ளது.