நாட்டுக்கொரு பிளக்

உலகில் வீட்டு மின்னிணைப்புக்கு 15 வகைப் பிளக்குகள் இன்று புழக்கத்தில் உள்ளன. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் இவற்றை ஏ முதல் ஓ வரையான எழுத்துகளால் அட்டவணைப்படுத்தியிருக்கிறது. இந்தியாவின் உருண்டைப் பின் கொண்ட மூன்று பின் பிளக் 'டி' வகை. பிரிட்டனின் பட்டைப் பின் 'ஜி' வகை. இந்த வேறுபாட்டை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. மின்கருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒருவர் கடல் கடப்பார் என்பது, இந்த வடிவங்கள் நிலைபெற்ற காலத்தில் எந்தப் பொறியாளரின் கணக்கிலும் இல்லை.

மின்சாரம் வீட்டுக்குள் வந்தது விளக்குக்காக மட்டுமே. 1882-இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் தொடங்கிய நிலையம், கரியிழை பல்புக்கு ஏற்றபடி சுமார் 110 வோல்ட் நேர்மின்னோட்டம் தந்தது. சுவரில் சாக்கெட் கிடையாது. பின்னாளில் இஸ்திரிப்பெட்டியும் மின்விசிறியும் வந்தபோது, பல்பைக் கழற்றிவிட்டு அதே ஹோல்டரில் அவற்றைத் திருகிக்கொண்டார்கள். திருகத் திருகக் கம்பியும் முறுக்கிக்கொண்டது. இந்தத் தொல்லைக்குத் தீர்வாக, 1904-இல் ஹார்வி ஹப்பெல் என்ற அமெரிக்கர் இரண்டு பகுதிகளாகப் பிரியும் ஓர் இணைப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு பகுதி ஹோல்டரிலேயே நிற்கும். பின்களுள்ள மறுபகுதி கையோடு கழன்று வரும். அதன் வழிவந்த இரட்டைத் தட்டைப் பின்தான் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இன்றும் இருக்கிறது.

மின்னழுத்தம் பிரிந்த கதை வேறு. அழுத்தத்தை இரட்டித்தால் அதே மின்திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும்; கம்பிக்கான செம்பு மிச்சமாகும். இந்தக் கணக்கைப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லின் மின்நிறுவனம் 220 வோல்ட்டுக்கு மாற, ஐரோப்பாவின் பெரும்பகுதி அதே வழியில் போனது. அமெரிக்காவில் அதற்குள் 110 வோல்ட் கருவிகள் பெருகிவிட்டன. ஜப்பானின் நிலை விசித்திரமானது: டோக்கியோ ஜெர்மனியிடம் 50 ஹெர்ட்ஸ் இயந்திரத்தையும், ஒசாகா அமெரிக்காவிடம் 60 ஹெர்ட்ஸ் இயந்திரத்தையும் வாங்கின. ஒரே நாட்டின் கிழக்கும் மேற்கும் இன்றுவரை இருவேறு அலைவெண்ணில் ஓடுகின்றன.

பிளக்குக்கு எர்த் சேர்ந்தபோது வேற்றுமை இன்னும் கூடியது. ஜெர்மனியில் 1920-களில் உருவான ஷுக்கோ என்ற பிளக், பக்கவாட்டுத் தகடுகளில் எர்த்தை வைத்தது. பிரிட்டன் தடித்த மூன்றாவது பின்னைச் சேர்த்தது. 1934-இல் பிரிட்டன் வகுத்த உருண்டைப் பின் தரமே அதன் ஆட்சிப் பகுதிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டு வீடுகளில் உள்ள சிறிய பிளக்கும், ஹீட்டருக்கான பெரிய 'பவர் பிளக்'கும் அதன் வாரிசுகள்.

பிரிட்டனோ அந்தத் தரத்தை விட்டு விலகிவிட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வீடுகளை மறுபடி கட்ட வேண்டியிருக்கும், செம்போ பற்றாக்குறை. இதை ஆராயப் போர்க்காலத்திலேயே அமைந்த குழுவில் மின்துறையில் பெயர்பெற்ற கரோலைன் ஹாஸ்லெட் இருந்தார். வீட்டைச் சுற்றிவந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பும் ஒற்றை வளையக் கம்பியில் எல்லா சாக்கெட்டுகளையும் இணைக்கலாம் என்று முடிவானது. வளையத்துக்கான ஃபியூஸ் பெரியது என்பதால், ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் தனி ஃபியூஸ் தேவைப்பட்டது. 1947-இல் வந்த 13 ஆம்பியர் பட்டைப் பின் பிளக் இப்படிப் பிறந்ததே. அதன் எர்த் பின் மற்றவற்றைவிட நீளம். அது முதலில் நுழைந்து உள்மூடியைத் திறந்தால்தான் மற்றப் பின்கள் உள்ளே போகும். சிங்கப்பூரும் மலேசியாவும் இம்முறைக்கு மாறின; இந்தியா மாறவில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறவர் அடாப்டர் தேட வேண்டியிருப்பதன் காரணம் இதுதான். அடாப்டர் கிடைக்காதவர்கள் எர்த் துளையில் எதையாவது குத்தி மூடியைத் திறப்பது, அந்த வடிவமைப்பின் நோக்கத்தையே குலைக்கும் ஆபத்தான வழக்கம்.

ஒரே பிளக்குக்கான முயற்சிகள் அரைகுறையாகவே பலித்தன. 1963-இல் ஐரோப்பா 2.5 ஆம்பியர் அளவுக்கான மெல்லிய இரட்டைப் பின்னை ஏற்றது. 1986-இல் பன்னாட்டு ஆணையம் உலகுக்கே பொதுவான ஒரு வடிவத்தை வெளியிட்டது. பிரேசில் அதைச் சற்றே மாற்றியும், தென்னாப்பிரிக்கா தாமதமாகவும் எடுத்துக்கொண்டன. மற்ற நாடுகள் அசையவில்லை. கோடிக்கணக்கான சுவர்களை உடைக்கும் செலவை எந்த அரசும் விரும்பாது.

அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும், மின்னழுத்தத்தைத் தொடாது. 120 வோல்ட்டுக்கான அமெரிக்க முடியுலர்த்தியை அடாப்டர் வழியே 240 வோல்ட்டில் செருகினால், இழை நான்கு மடங்கு திறனை இழுத்துக் கருகிவிடும். அதனால் பழைய பயணிகள் கனமான டிரான்ஸ்ஃபார்மரைச் சுமந்தார்கள். ஹோட்டல் குளியலறைகளில் இரண்டு மின்னழுத்தமும் தரும் சவர சாக்கெட்டுகள் வந்தன.

உண்மையான விடுதலை சார்ஜரின் உள்ளிருந்து வந்தது. பழைய சார்ஜரில் இரும்பு உள்ளக டிரான்ஸ்ஃபார்மர் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் நேரடியாக வேலை செய்ததால் அது பெருத்திருந்தது. ஒரே மின்னழுத்தத்துக்குத்தான் பொருந்தியது. புதிய முறையில் வரும் மின்சாரம் முதலில் நேர்மின்னோட்டமாகிறது. பிறகு டிரான்சிஸ்டர் அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிச் சிறு டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்புகிறது. வெளியீட்டைப் பார்த்து வெட்டும் அளவைத் திருத்திக்கொள்வதால், உள்ளே வருவது 100 வோல்ட்டா 240 வோல்ட்டா என்பது பொருட்டல்ல. 1977-இல் வந்த ஆப்பிள் 2 கணினி இம்முறையைப் பயன்படுத்தியது. பின்னர் செல்பேசி சார்ஜர்களில் இது சாதாரணமானது.

அடுத்தது கம்பியின் மறுமுனை. கம்பெனிக்கொரு சார்ஜர் என்ற நிலையை மாற்ற ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சட்டமியற்றியது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்பனைக்கு வரும் புதிய செல்பேசிகளுக்கு யுஎஸ்பி-சி கட்டாயம். மடிக்கணினிகளுக்கான கெடு 2026 ஏப்ரல் 28. சுவரில் நுழையும் பின்களை இச்சட்டம் தொடவில்லை. ஒன்றியத்துக்குள்ளேயே ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, டென்மார்க் ஆகியவற்றின் எர்த் அமைப்புகள் வெவ்வேறு. அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் மூன்றும் பிரிட்டனின் 13 ஆம்பியர் பிளக்கையே வைத்திருக்கின்றன.