பென் டிரைவ் வேடம் கட்டிய கதை

நாலைந்து ஹார்ட் டிஸ்க்கை ஒரு பெட்டியில் மாட்டி, குடும்பப் படங்கள், பாட்டு, வீடியோ, கணக்கு வழக்கு எல்லாவற்றையும் வீட்டு நெட்வொர்க்கில் பொதுவாக வைத்துக்கொள்வோர் பெருகிவிட்டார்கள். அந்தப் பெட்டியை நாஸ் என்பார்கள். அவற்றில் பல, தம் இயங்குதளத்தை அந்த ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்துக்கொள்வதில்லை. ஓரத்தில் செருகிய சின்ன பென் டிரைவிலிருந்துதான் எழுகின்றன. மாதக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடிய பெட்டி, ஒரு மின்வெட்டுக்குப் பிறகோ புது டிஸ்க் சேர்த்த கையோடோ எழ மறுக்கும். பூட் செய்ய எதுவும் கிடைக்கவில்லை என்று திரையில் ஒரு வரி வரும். பென் டிரைவைப் பிடுங்கி லேப்டாப்பில் செருகிப் பார்த்தால் கோப்புகள் அத்தனையும் பத்திரமாக இருக்கும்.

இந்த முரணைப் புரிந்துகொள்ள, பென் டிரைவிலிருந்து பூட் செய்யும் வசதி எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். யாரும் அதை உட்கார்ந்து ஒரே மூச்சில் வடிவமைக்கவில்லை. முப்பது ஆண்டுகளில் அடுக்கடுக்காகச் சேர்ந்தது அது. பெட்டி நின்றுபோகும் இடத்தைக் கவனித்தால், எந்தக் காலத்து அடுக்கில் கோளாறு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டது. மதர்போர்டில் இருந்த சிப் ஒன்றில் பயாஸ் என்ற சிறு நிரல். மின்சாரம் வந்ததும் ஃப்ளாப்பியின் முதல் செக்டரை, அதாவது 512 பைட்டை, நினைவகத்தில் 7சி00 என்ற முகவரியில் கொண்டுவந்து வைக்கும். பிறகு கட்டுப்பாட்டை அந்த 512 பைட்டிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 1983இல் வந்த எக்ஸ்டி மாடலில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் சேர்ந்தது. அதன் முதல் செக்டரில் நான்கு பிரிவினைகளைக் குறிக்கும் ஓர் அட்டவணை. கடைசி இரண்டு பைட் 55, ஏஏ. அந்த இரண்டு பைட் இருந்தால் இது பூட் ஆகும் டிஸ்க். இவ்வளவுதான் ஒப்பந்தம். பயாஸ் அறிந்த உலகத்தில் ஃப்ளாப்பி உண்டு, ஹார்ட் டிஸ்க் உண்டு. மூன்றாவது சாதி கிடையாது.

மூன்றாவதாக சிடி வந்தபோது, 1995 ஜனவரியில் ஃபீனிக்ஸ் நிறுவனமும் ஐபிஎம்மும் சேர்ந்து எல் டோரிட்டோ என்ற விதிமுறையை எழுதின. அதன் முக்கியமான வழி ஒன்று இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. சிடிக்குள் ஒரு ஃப்ளாப்பியின் முழு நகலைக் கோப்பாக வைத்துவிடுவது. பயாஸ் அதையே 'ஏ' டிரைவ் என்று இயங்குதளத்திடம் காட்டுவது. சிடி என்ற ஒன்று இருப்பதே அறியாத டாஸ் என்ற அந்தக் காலத்து இயங்குதளம், தான் ஃப்ளாப்பியிலிருந்து எழுந்ததாக நம்பிக்கொண்டு வேலை செய்தது. புதுச் சாதனம் பழைய சாதனத்தின் வேடத்தில் மேடையேறும் கூத்து அங்கே தொடங்கியது.

அடுத்த ஆண்டு, 1996 ஜனவரியில், இன்டெல், மைக்ரோசாஃப்ட், காம்பாக், ஐபிஎம் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் யுஎஸ்பியின் முதல் விதிமுறையைக் கொண்டுவந்தன. கீபோர்டு, மவுஸ், பிரின்டர் ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு துளை வேண்டியிருந்த தொல்லையைத் தீர்ப்பதே அவர்கள் எண்ணம். கணினியை எழுப்பும் வேலை யுஎஸ்பிக்கு வரும் என்று அதில் எதுவும் சொல்லவில்லை. யுஎஸ்பி கீபோர்டுகூட டாஸுக்குப் புரியாது. பயாஸ்தான் நடுவில் நின்று அதைப் பழைய பிஎஸ்2 கீபோர்டாகக் காட்டியது. பல பயாஸ் மெனுக்களில் இன்றும் இருக்கும் 'லெகசி யுஎஸ்பி சப்போர்ட்' என்ற வரி அந்த ஏற்பாட்டின் மிச்சம். அதை அணைத்து வைத்ததால் பென் டிரைவும் கண்ணில் படாமல் போன பெட்டிகள் உண்டு.

பென் டிரைவ் 2000இல் பிறந்தது. சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் ஜெர்மனியில் ஹனோவர் நகரத்து சீபிட் கண்காட்சியில் தம்ப்டிரைவைக் காட்டியது. அதே ஆண்டு டிசம்பரில், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் செய்த டிஸ்க்ஆன்கீயை ஐபிஎம் அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. கொள்ளளவு 8 மெகாபைட். இன்று ஒரு புகைப்படத்துக்கே அது பற்றாமல் போகலாம். அன்று ஐந்து ஃப்ளாப்பிக்கு மேல்.

இதிலிருந்து பூட் செய்ய மக்கள் ஆசைப்பட்டபோது பயாஸ் எழுதியவர்களுக்குத் தர்மசங்கடம். பென் டிரைவை ஃப்ளாப்பி என்று காட்டுவதா, ஹார்ட் டிஸ்க் என்று காட்டுவதா? ஆளுக்கொரு முடிவு எடுத்தார்கள். பழைய மதர்போர்டுகளின் மெனுவில் யுஎஸ்பி-எஃப்டிடி, யுஎஸ்பி-ஜிப், யுஎஸ்பி-ஹெச்டிடி, யுஎஸ்பி-சிடிராம் என்று நான்கு பெயர்கள் வரிசையாக நிற்பதற்கு இதுவே காரணம். செருகியிருப்பது ஒன்றுதான்; அதற்கு எந்த வேடம் கட்டுவது என்பதே கேள்வி. இதில் ஜிப் என்பது ஐயோமெகாவின் 100 மெகாபைட் ஜிப் டிஸ்க்கைக் குறிக்கும். அந்த டிஸ்க்குகளில் பிரிவினை, அட்டவணையின் முதல் இடத்தில் இராமல் நான்காவது இடத்தில் இருக்கும். அதை எதிர்பார்த்த பயாஸ், சாதாரண முறையில் தயாரான பென் டிரைவைக் கண்டு குழம்பியது. ஒரே பென் டிரைவ் ஒரு கணினியில் எழுந்து, பக்கத்துக் கணினியில் எழாமல் போன கொடுமைக்கு வேர் இங்கே இருக்கிறது.

வீட்டு சர்வர் இந்தக் கதைக்குள் ஒரு ஃபயர்வால் வழியாக வந்தது. சுவிட்சர்லாந்தின் மானுவல் காஸ்பர் 2003இல் மோனோவால் என்ற சிறிய ஃபயர்வாலை ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் கட்டி வெளியிட்டார். முழு இயங்குதளமும் ஒரு சின்ன ஃப்ளாஷ் கார்டில் அடங்கும். எழும்போது தன்னை நினைவகத்துக்குள் ஏற்றிக்கொள்ளும். பிறகு கார்டில் எழுத வேண்டிய தேவை அநேகமாக இல்லை. பயனர் செய்த அமைப்புகள் எல்லாம் ஒரே ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில். 2005இல் பிரான்ஸின் ஒலிவியே கோஷார்-லபே இந்த எலும்புக்கூட்டை எடுத்து, ஃபயர்வாலுக்குப் பதில் கோப்புப் பகிர்வைப் பொருத்தினார். ஃப்ரீநாஸ் பிறந்தது. அமெரிக்காவில் லைம் டெக்னாலஜி தொடங்கிய அன்ரெய்டு என்ற நாஸ் இயங்குதளமும் லினக்ஸை வைத்து அதே வழியில் போனது.

இந்த வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. வீட்டுப் பெட்டியில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா துளைகள் நான்கோ ஆறோதான். ஒன்றை இயங்குதளத்துக்குக் கொடுத்தால் சேமிப்புக்கு ஒன்று குறையும். சில பத்து மெகாபைட் நிரலுக்காக ஒரு டிஸ்க்கையே பலி கொடுப்பதைவிட, சும்மா கிடக்கும் யுஎஸ்பி துளையில் அதை வைப்பது எவ்வளவு நியாயம்! 2010இல் வந்த ஹெச்பி மைக்ரோசர்வரில், பெட்டிக்கு உள்ளேயே, மதர்போர்டின் மேல் ஒரு யுஎஸ்பி துளை வைத்தார்கள். பென் டிரைவைச் செருகி மூடிவிட்டால் குழந்தைகள் கை படாது.

ஆனால் பயாஸின் கண்ணில் அந்த பென் டிரைவ் இன்னும் வேடத்தில்தான் இருந்தது. ஹார்ட் டிஸ்க் வேடம் கட்டியதால் ஹார்ட் டிஸ்க்குகளின் வரிசையில் போய் நின்றது. வீட்டு சர்வரின் வேலையே டிஸ்க் சேர்ப்பது. புது டிஸ்க் ஒன்றை மாட்டியதும் பல பயாஸ்கள் அந்த வரிசையைக் கலைத்துப் போட்டு, பென் டிரைவைக் கடைசிக்குத் தள்ளிவிடும். பூட் வரிசையில் 'ஹார்ட் டிஸ்க்' முதலில் இருக்கிறதே என்று பார்த்துவிட்டுப் போகிறவர், அதற்குள் தனியாக ஒளிந்திருக்கும் ஹார்ட் டிஸ்க் முன்னுரிமைப் பட்டியலைத் திறந்து பார்ப்பதில்லை. திறந்து பென் டிரைவை மேலே ஏற்றினால் பெட்டி எழுந்துவிடும். டிஸ்க்குகளை அதிகமாக இணைக்கும் கன்ட்ரோலர் கார்டு போட்டிருந்தால் கூட்டம் இன்னும் கூடும். கார்டிலுள்ள நிரல் தன் டிஸ்க்குகளையும் பூட் பட்டியலில் கொண்டுவந்து நிறுத்தும். அந்த நிரலை பயாஸில் முடக்கினால் சேமிப்புக்கு ஒரு குறையும் வராது.

திரையில் எந்தச் செய்தியும் இல்லாமல் கர்சர் மட்டும் மினுக்கினால் இன்னொன்றைச் சந்தேகிக்கலாம். முன்பு விண்டோஸ் இருந்த பழைய டிஸ்க் ஏதாவது உள்ளே இருக்கும். அதன் முதல் செக்டரில் 55ஏஏ அப்படியே கிடக்கும். பயாஸ் 1983 ஒப்பந்தப்படி அதை நம்பி, செத்த நிரலிடம் கட்டுப்பாட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கும்.

வரிகள் மடமடவென்று ஓடி, பாதியில் நின்றால் நிலைமை வேறு. இயங்குதளத்தின் கருவான கெர்னலை நினைவகத்தில் ஏற்றும்வரை பென் டிரைவைப் படித்துக் கொடுப்பது பயாஸ். கெர்னல் எழுந்த நொடியில் அந்த உதவி நின்றுவிடும். அது தன் சொந்த டிரைவரால் யுஎஸ்பியைத் துழாவி, தான் வந்த பென் டிரைவை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். யுஎஸ்பி சாதனம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சில வினாடிகள் எடுக்கலாம். அதற்குள் கெர்னல் பொறுமையிழந்தால் ஃப்ரீநாஸில் 'மவுன்ட்ரூட்' என்ற கேள்வியோடு பிழை எண் 19 வந்து நிற்கும். அப்படி ஒரு சாதனமே இல்லை என்று பொருள். கெர்னலைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லும் ஒரு வரியை, அதை ஏற்றும் லோடரில் சேர்த்துப் பலர் மீண்டார்கள். அன்ரெய்டு வேறு உத்தியைக் கையாண்டது: யுஎன்ஆர்ஏஐடி என்று பெயரிட்ட டிரைவ் வருகிறதா என்று 30 வினாடிவரை காத்திருக்கும். பென் டிரைவை ஃபார்மேட் செய்யும்போது அந்தப் பெயரை வைக்க மறந்தால், எல்லாம் சரியாக இருந்தும் அங்கேயே நின்றுவிடும். யுஎஸ்பி 3 துளையில் நிற்கும் பெட்டி யுஎஸ்பி 2 துளையில் எழுந்தால், அது பெரும்பாலும் புதுத் துளைக்கான டிரைவரின் கோளாறு.

வேடத்தைக் களைந்தது யூஇஎஃப்ஐ. பயாஸுக்கு மாற்றாக 1990களின் பிற்பகுதியில் இடேனியம் கணினிகளுக்காக இன்டெல் தொடங்கிய முயற்சி அது. 2005இல் பல நிறுவனங்கள் சேர்ந்த அமைப்பின் கைக்கு மாறியது. முதல் செக்டரில் பூட் நிரல் எதுவும் அதற்கு வேண்டாம். ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பிரிவினையைத் திறந்து, இஎஃப்ஐ என்ற ஃபோல்டருக்குள் பூட் என்ற ஃபோல்டரில் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற கோப்பைத் தேடும்; கிடைத்தால் ஓட்டும். பென் டிரைவை பென் டிரைவாகவே பார்க்கிறது. ஆனால் பழைய முறைக்கென்று தயாரான பென் டிரைவ் அதன் கண்ணில் படாது. புதிய முறைக்கு மட்டும் தயாரானது பழைய பயாஸின் கண்ணில் படாது. அன்ரெய்டில் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் பெயரின் கடைசியில் ஒரு சிறு கோடு சேர்ந்திருக்கும். அந்தக் கோட்டை அழித்தால்தான் யூஇஎஃப்ஐ முறையில் எழும். ஒரே ஓர் எழுத்து! விண்டோஸ் 8 காலத்திலிருந்து பரவிய செக்யூர் பூட், கையொப்பமில்லாத லோடரைத் தடுக்கும். அது அணைந்திருக்கிறதா என்றும் சரிபார்க்க வேண்டும்.

ஃப்ரீநாஸ் 2014 டிசம்பரில் வந்த 9.3 பதிப்பில் பூட் டிரைவையும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைக்கு மாற்றியது. பாதி அப்டேட்டில் மின்சாரம் போனாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பது பெரிய லாபம். விலையும் உண்டு: எழுதும் வேலை கூடியது, மலிவான பென் டிரைவ்கள் தேய்ந்து சாகத் தொடங்கின. இன்று ட்ரூநாஸ் என்ற பெயரில் தொடரும் அந்தத் திட்டம், சின்ன எஸ்எஸ்டியில் நிறுவவே பரிந்துரைக்கிறது.

பென் டிரைவ் உண்மையிலேயே செத்திருந்தாலும் டிஸ்க்குகளில் உள்ள படங்களுக்கு ஆபத்தில்லை. ட்ரூநாஸில் புதிய டிரைவில் நிறுவி, டிஸ்க்குகளின் தொகுப்பை இம்போர்ட் செய்தால் போதும். சேமித்து வைத்த அமைப்புக் கோப்பு இருந்தால் பயனர்களும் பகிர்வுகளும் திரும்பிவிடும். அன்ரெய்டில் கான்ஃபிக் என்ற ஃபோல்டரை இன்னொரு பென் டிரைவுக்கு நகலெடுக்க வேண்டும். உரிமம் பழைய பென் டிரைவின் தனி எண்ணோடு பிணைந்திருப்பதால் அதைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த டிஸ்க் எந்த இடத்தில் என்ற விவரமும் அந்த ஃபோல்டரில்தான் இருக்கிறது; பெட்டி நன்றாக ஓடும் நாளிலேயே அதை வேறொரு கணினியில் எடுத்து வைத்துவிடுங்கள்.