நூறு கோடிக்கு ஏறிய ஈ புத்தகம்

தேங்காய்த் தொட்டி தெரியுமில்லைங்களா? உங்க ஊர்ல கொட்டாங்குச்சி, சிரட்டைன்னு சொல்வீங்க. சில வருசம் முன்னாடி அது ஒண்ணுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல விலை போட்டு அமேசான்ல வந்திருந்த படத்தை, டவுன்ல இருக்கிற கூட்டாளிக ஆளாளுக்கு எனக்கு அனுப்பினாங்க. எங்க பக்கம் கொப்பரை எடுத்த பிறகு தொட்டியைக் கரி சுடறவங்க எடை போட்டு அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க. "உன் களத்துல கோடிக்கணக்குல சொத்து கிடக்குதுடா"ன்னு ஒரே கேலி. 2022-ல இன்னொண்ணு வந்தது. குளிக்கிற பிளாஸ்டிக் பக்கெட், தள்ளுபடி போக 25,999 ரூபாய்.

சிரிச்சு முடிச்ச பிறகும் ஒரு கேள்வி பாக்கி நிக்குது. இந்த விலையெல்லாம் யார் போடறாங்க? மனுசனா? அதுக்கு ஒரு நல்ல பதில் 2011-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தில் இருக்கு. கொஞ்சம் விவரமாகவே சொல்றேன்.

பீட்டர் லாரன்ஸ் என்ற பிரிட்டிஷ் உயிரியல் அறிஞர், முட்டையிலிருந்து ஓர் ஈயின் உடம்பு எப்படி வடிவம் எடுக்கிறது என்று 1992-ல் ஒரு புத்தகம் எழுதினார். 'தி மேக்கிங் ஆஃப் எ ஃப்ளை' என்று பெயர். (இது மாம்பழத்தைத் துளைத்து நம்மைக் கடனாளி ஆக்கும் ஈ இல்லைங்க. கனிஞ்ச வாழைப்பழத்தைச் சுத்திப் பறக்குமே, அந்தப் பொடி ஈ. ஆராய்ச்சிக்காரங்களுக்கு அது செல்லப்பிள்ளை.) அந்தத் துறையில் படிப்பவர்களுக்கு முக்கியமான புத்தகம். ஆனால் பதிப்பு நின்றுபோய்விட்டது.

கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஐசன் என்ற உயிரியலாளரின் ஆய்வகம். 2011 ஏப்ரல் 8 அன்று அங்கே வேலை செய்த ஒருவர் இந்தப் புத்தகத்தை வாங்க அமேசானைத் திறந்தார். பழைய பிரதிகள் 35 டாலர் சொச்சத்திலிருந்து கிடைத்தன. புதுப் பிரதி இரண்டே இரண்டு. ஒன்றின் விலை 17,30,045 டாலர், இன்னொன்று 21,98,177 டாலர். தபால் செலவு 3.99 டாலர் தனி!

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் ஐசன் முதலில் நினைத்தார். ஆனால் இரண்டு கடையுமே பழைய, நம்பகமான கடைகள். மறுநாள் பார்த்தால் இரண்டு விலையும் இன்னும் ஏறியிருந்தது. அவர் தினமும் குறித்து வைத்துக் கணக்குப் போட்டார். முதல் கடை, இரண்டாவது கடையின் விலையைப் பார்த்து அதை 0.9983 ஆல் பெருக்கித் தன் விலையை வைக்கிறது. அதாவது போட்டிக்காரனைவிட ஒரு துளி குறைவு. இரண்டாவது கடை முதல் கடையின் விலையைப் பார்த்து 1.270589 ஆல் பெருக்குகிறது. நாளுக்கு ஒருமுறை இது நடக்கிறது. மனுசர் யாரும் இல்லை, இரண்டு பக்கமும் மென்பொருள்.

முதல் கடைக்காரரின் யோசனை சுலபமாகப் புரியும். ஐஞ்சு பைசா குறைச்சாத்தான் நம்ம கடைக்கு வருவாங்க. இரண்டாவது ஆள் ஏன் கூட்டி வைக்கிறார்? ஐசன் ஊகித்தது இதுதான்: அவரிடம் புத்தகமே இல்லை. கடைக்கு நல்ல பெயர் இருக்கிறது, அந்தப் பெயரை நம்பிக் கூடுதல் விலை கொடுத்து யாராவது கேட்டால், முதல் கடையில் வாங்கி அனுப்பிவிடலாம். அதற்கான லாபம்தான் அந்த 27 சதவீதம். நம்ம மாட்டுத் தரகர் செய்யறதும் கிட்டத்தட்ட இதேதாங்க. கட்டுத்தறியில மாடு இல்லாமலே மாடு விப்பார்.

ஒவ்வொரு சுற்றிலும் விலை சுமார் 26.8 சதவீதம் கூடுகிறது. கூட்டு வட்டி தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்லை. நூறு டாலரில் தொடங்கினால் பத்தாம் நாள் ஆயிரத்தைத் தாண்டும், இருபதாம் நாள் 11,600, முப்பதாம் நாள் 1.25 லட்சம், நாற்பதாம் நாள் 13.5 லட்சம். மீட்டர் வட்டிக்காரன்கூட இப்படிக் கேட்கமாட்டான். ஏப்ரல் 18 அன்று இரண்டாவது கடையின் விலை 2,36,98,655.93 டாலர் ஆனது. அன்றைய மதிப்பில் நூறு கோடி ரூபாய்க்கு மேல். மறுநாள் யாரோ ஒரு மனுசர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். முதல் கடை 106.23 டாலருக்கு இறங்கியது. இரண்டாவது கடை? 134.97 டாலர். பெருக்கிப் பாருங்க, அப்பவும் அதே 1.270589!

இப்போ ஒரு விசயம். அடுத்தவன் விலையைப் பார்த்து நம்ம விலையை வைக்கிறது புதுசு இல்லை. 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். அங்கேயும் விலை ஒரு சூத்திரம்தான். மொத்த விலையைவிட 20 சதவீதம் வாக்கில் கூட, வெளிச் சில்லறைக் கடையைவிட 15 சதவீதம் வாக்கில் குறைவு என்று வைத்துக் காலையில் பலகையில் எழுதுகிறார்கள். இதுவும் பெருக்கல் கணக்குதான். ஆனா தக்காளி நாற்பது நாள்ல லட்ச ரூபாய்க்குப் போகலையே, ஏன்? மொத்த மார்க்கெட் வியாபாரி உழவர் சந்தைப் பலகையைப் பார்த்து விலை வைக்கிறதில்லை. அவர் லாரியைப் பார்க்கிறார், பெட்டியைப் பிரிச்சுத் தக்காளியை அமுக்கிப் பார்க்கிறார். கண்ணபுரம், அந்தியூர் மாட்டுச் சந்தையில துண்டுக்கு அடியில விரலைப் புடிச்சு விலை பேசறவங்களும் அப்படித்தான். பேசறது ரகசியம், ஆனா ரெண்டு பேருக்கும் நடுவுல மாடு நிக்குது. பல்லைப் புடிச்சுப் பார்த்தாச்சு. கேட்டது ஒத்து வரலைன்னா கையை உதறிட்டுப் போயிடலாம். ஈ புத்தகத்தில் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். புத்தகத்தைப் பார்க்க ஆளில்லை.

விலை மேலே மட்டும்தான் ஓடும்னு இல்லை. 2014 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை சாயங்காலம், பிரிட்டனில் இப்படி விலையை மாற்றித்தரும் ஒரு மென்பொருள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் புத்தி கெட்டுப் போனது. அதைப் பயன்படுத்திய கடைகளின் பொருட்கள் அமேசானில் ஒரு பென்னிக்கு வந்துவிட்டன. கிறிஸ்துமஸ் வியாபார நேரம் வேறு. பெரும்பாலான ஆர்டர்களை ரத்து செய்துவிட்டதாக அமேசான் சொன்னது. ஆனாலும் சரக்கை ஏற்கெனவே அமேசான் கிடங்கில் வைத்திருந்த சிறு வியாபாரிகள் சிலருக்கு, அவர்கள் தடுப்பதற்குள் பொருள் வண்டி ஏறிவிட்டது. வீட்டை அடமானம் வெச்சுக் கடை நடத்தறவனுக்கு அந்த ஒரு மணி நேரம் எப்படி இருந்திருக்கும்!

விலை தப்பா இல்லாம, பார்க்கறவங்களுக்குப் புரியாம இருந்தாலே என்ன ஆகும்ங்கறதுக்கு 2020 ஜூலை சாட்சி. வேஃபேர் என்ற அமெரிக்க இணையக் கடையில் சில பீரோக்கள் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை போட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண் பெயர். காணாமல் போன சிறுமிகளின் பெயர்கள் இவை, பீரோ என்ற பெயரில் பிள்ளைகளை விற்கிறார்கள் என்று ஒரு வதந்தி தீயாகப் பரவியது. அவை தொழிற்சாலை உபயோகத்துக்கான பீரோக்கள், விலை சரிதான் என்றது நிறுவனம். யாரும் கேட்கவில்லை. ஆள்கடத்தல் புகார்களுக்கான தேசிய உதவி எண்ணை அப்போது நடத்திய போலாரிஸ் அமைப்புக்கு இந்த வதந்தியைப் பற்றியே அழைப்புகள் குவிந்தன. உண்மையில் உதவி தேவைப்படுகிறவர்களைக் கவனிக்க இது இடைஞ்சலாக இருக்கிறது என்று அவர்கள் அறிக்கை விட வேண்டி வந்தது.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கூத்து. எனக்கு உறுத்துவது கண்ணுக்குத் தெரியாதது. 2015 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை ஒரு போஸ்டர் வியாபாரியைப் பிடித்தது. அவரும் அமேசானில் போஸ்டர் விற்ற வேறு சிலரும் பேசி வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் விலை குறைக்காதபடி மென்பொருளை அமைத்திருந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டார், 20,000 டாலர் அபராதத்துக்கும் சம்மதித்தார். நம்ம ஏலத்துல வியாபாரிக 'சிண்டிகேட்' போட்டுக் கேட்பாங்களே, அதே வேலை, கம்ப்யூட்டர்ல.

2023 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், 17 மாநிலங்களோடு சேர்ந்து அமேசான் மேலேயே வழக்குப் போட்டது. அதில் 'ப்ராஜெக்ட் நெஸ்ஸி' என்று ஒரு கணக்குமுறை பேசப்படுகிறது. நாம் விலையைக் கூட்டினால் மற்றக் கடைகளும் பின்னாலேயே கூட்டுமா என்று கணித்து, கூட்டும் என்று தெரிந்த பொருட்களுக்கு மட்டும் விலை ஏற்றினார்கள் என்பது புகார். அப்படி மக்களிடம் கூடுதலாக எடுத்தது நூறு கோடி டாலருக்கு மேல் என்கிறது கமிஷன். கட்டுப்படியாகாத அளவுக்கு விலை இறங்காமல் தடுக்கத்தான் அதை வைத்திருந்தோம், சரியாக வேலை செய்யவில்லை, எப்போதோ நிறுத்திவிட்டோம் என்பது அமேசானின் பதில். ஈ புத்தகத்தை அந்த விலைக்கு ஒருத்தரும் வாங்கலை. இந்த வழக்குல பேசறது, ஜனங்க விலை கூடினதே தெரியாம காசு கொடுத்து வாங்கின சாமானைப் பத்தி.