எந்தத் தெரு?

ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைக்கிறவனுக்கு இரண்டு கவலை. வாடகை கட்டுபடியாகுமா என்பது ஒன்று. அக்கம்பக்கம் எப்படி என்பது இன்னொன்று. மற்றவர்களுக்கு இவை தனித்தனிக் கவலைகள். சம்பளம் கூடினால் முதலாவது தீரும். பழகப் பழக இரண்டாவது தீரும். நமக்கு அப்படி இல்லை. நம்மிடம் பணம் இருக்கிற இடத்தில் வீடு இல்லை என்கிறார்கள். வீடு கிடைக்கிற இடத்தை 'அந்த ஏரியாவா?' என்கிறார்கள். சம்பளம் கூடியும் இந்தக் கணக்கு ஏன் நேராகவில்லை? அதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் முதலில் வாடகையைப் பேசுவதில்லை.

"எந்த ஊரு தம்பி?"

"தென்காசிப் பக்கம் சார்."

"தென்காசில எங்க?"

"ஆய்க்குடி."

வீட்டுக்காரரும் தெற்கத்திக்காரர் என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "ஆய்க்குடில எந்தத் தெரு?" வேறு ஊர்க்காரர் என்றால் அதையே சுற்றி வளைத்துக் கேட்பார். "குலதெய்வம் எது? சாப்பாடு சைவமா அசைவமா?" கேள்வி எப்படி வந்தாலும் தேடுவது ஒன்றைத்தான். ஊர் போதாது, தெரு வேண்டும். அறுநூறு கிலோமீட்டர் தாண்டி வந்தவனின் தெரு இவருக்கு எதற்கு? ஏனென்றால் இந்த நாட்டில் தெருதான் சாதிச் சான்றிதழ். தாசில்தார் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அது எழுதப்பட்டுவிட்டது.

எப்போது எழுதப்பட்டது? ஆய்க்குடி என்கிற பெயரிலிருந்தே தொடங்கலாம். பொதியமலைத் தலைவன் ஆய் அண்டிரனையும் ஆய்குடியையும் புறநானூறு பாடுகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன் அவன். அவனைப் பாடிய புலவரின் பெயரைக் கவனியுங்கள்: உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். ஊர் உறையூர், தெரு ஏணிச்சேரி. சேரிக்காரர் என்று சொல்லிக்கொண்டே ஒரு புலவர் சோழநாட்டிலிருந்து பொதிகை வரைக்கும் வந்து பாடியிருக்கிறார். வள்ளல் அவரை வாசலில் நிறுத்தி எந்தச் சேரி என்று துருவியதாகச் செய்தி இல்லை. சேர்ந்து வாழும் இடம் சேரி. அந்தச் சொல்லுக்கு அன்றைக்கு அவ்வளவுதான் பொருள்.

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு வாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டுகள் வரியில்லாத நிலங்களை வரிசையாகச் சொல்கின்றன. ஊர்நத்தம் தனி, கம்மாணச்சேரி தனி, பறைச்சேரி தனி, தீண்டாச்சேரி தனி. சுடுகாட்டிலும் பிரிவு உண்டு. சேர்ந்திருத்தலைச் சொன்ன வார்த்தை பிரித்து வைத்தலைச் சொல்லத் தொடங்கிவிட்டது. கோயில் கோபுரத்தின் உயரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதே கோயிலின் கல்லில் இருக்கும் இந்த வரைபடத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

தெற்கே நம் பக்கத்தில் சேரி என்பதைவிடக் குடி என்பதே புழக்கம். பள்ளக்குடி, பறக்குடி, சக்கிலியக்குடி. ஆய்க்குடியில் உள்ள குடியும் இதே குடிதான். தலைவனோடு சேர்ந்தால் பெருமை, நம்மோடு சேர்ந்தால் வசவு. பிறகு அரசாங்கம் 'காலனி' என்று ஒரு பெயரைக் கொண்டுவந்தது. அதுவும் சில வருஷத்திலேயே வசவானது. "காலனிக்காரனா நீ?" 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில், காலனி என்கிற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்கலாம். ஆனால் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் இடம் மாறாதவரை புதுப்பெயரும் சீக்கிரமே பழசாகிவிடும்.

இடம் மாறுவது நமக்கு எளிதாகவா இருந்தது? முதலில் ஊரை விட்டுப் போகும் உரிமையே இல்லை. நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்றார்கள். கம்பெனி ஆட்சிப் பகுதியில் 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்றாக்கியது. திருவிதாங்கூரில் அதற்கு 1855 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆய்க்குடியை அடுத்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பதை மறந்துவிடக் கூடாது.

சட்டம் ஆளை விடுவித்தது. அவன் குடிசை நின்ற மண்ணை விடுவிக்கவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை பஞ்சமி நிலத்துக்காகவே இன்று நினைக்கப்படுகிறது. அதே அறிக்கைக் காலத்தில் எழுந்த இன்னொரு பிரச்சினை குடியிருப்பு மனை. சேரி நின்ற மண் தன்னுடையது என்றார் மிராசுதார். கூலி போதவில்லை என்று வாய் திறந்தால் "குடிசையைப் பிரிச்சுக்கிட்டுப் போ" என்பதே பதில். வயலில் வேலையை மறுத்தவன் ராத்திரி படுக்க இடமில்லாமல் நின்றான். சவுக்கைவிட வலுவான ஆயுதம் அது. இதைப் பிடுங்க எவ்வளவு காலம் ஆனது பாருங்கள். குடியிருப்பிலிருந்து வெளியேற்றாமல் காக்கும் சட்டம் 1961இல் வந்தது. குடியிருக்கும் மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது. நடுவில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் ஒரு கூலி விவசாயிக்குத் தன் குடிசை தனக்கே சொந்தம் என்று சட்டம் சொல்லி இன்னும் அறுபது ஆண்டுகூட ஆகவில்லை.

ஆகவே நகரத்துக்குப் போனோம். அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைப் புகழ்ந்தவர்களை அரசியல் நிர்ணய சபையிலேயே, 1948 நவம்பர் 4 அன்று, கடுமையாகச் சாடினார். கிராமம் நமக்குப் பூர்வீகச் சொர்க்கம் அல்ல என்பது அவருக்குத் தெரியும். ஆனால் நகரம் என்ன செய்யும் என்பதும் அவருக்கு நன்றாகவே தெரியும்.

1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்கு வந்தார் அவர். கையில் படிப்பு, வேலை, சம்பளம் எல்லாம் இருந்தது. வீடு மட்டும் இல்லை. இந்து விடுதியில் இடம் கிடைக்காது. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு, நாளுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு பார்சிகள் கூட்டமாக வந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும். இந்து நண்பர் ஒருவர், கிறிஸ்தவ நண்பர் ஒருவர் என இரண்டு பேரைக் கேட்டார். இரண்டு பேருமே தட்டிக் கழித்தார்கள். பம்பாய் ரயில் வரும்வரை ஐந்து மணி நேரம் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். நாளைக்கு ஒன்றரை ரூபாய் கொடுக்க முடிந்தவருக்கு நடந்தது இது. அங்கே பணம் எங்கே குறைந்தது?

அன்றைக்கு ஒரு பார்சிப் பெயர். இன்றைக்கு "நாங்க சுத்த சைவம் சார்". தெருப் பெயரை விழுங்கிவிட்டு ஊரின் வேறொரு தெருவைச் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சமையலறை ஜன்னலை மூடிக்கொண்டு கருவாடு வறுக்கும் வீடுகள் இருக்கின்றன. "ஸ்கூல்ல கேட்டா சொல்லிராத" என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கும் தாய்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு மாதா மாதம் கொடுப்பது வாடகை மட்டுமல்ல.

சென்னையின் வரலாறும் தெருவில்தான் தொடங்குகிறது. கோட்டையைச் சுற்றிக் கறுப்பர் பட்டணம் வளர்ந்தபோதே, கம்பெனி ஆவணங்களில் 'பெரிய பறச்சேரி' என்று ஒன்று தனியாகக் குறிக்கப்பட்டுவிட்டது. நகரம் பிறந்தபோதே சேரியும் கூடப் பிறந்தது. கோட்டையைக் கட்டியவன், மூட்டை சுமந்தவன், வெள்ளைக்காரன் வீட்டில் சமைத்தவன் அங்கேதான் இருந்தான். பிறகு ஆலை வந்தது. 1921இல் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் பிளவு ஏற்பட்டு, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தொழிலாளர் ஒற்றுமை பற்றிப் பேசுகிற தோழர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. ஆலைக்குள் ஒரே தறியில் நின்றவர்கள் சங்கு ஊதியதும் வேறுவேறு தெருவுக்குப் போனார்கள். பகை முற்றியபோது எந்தத் தெருவைக் கொளுத்துவது என்பதை யாரும் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் ஜனங்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் பக்கம் நம் ஆட்கள் குவிந்ததற்கு வாடகை மட்டும் காரணமில்லை. "அங்க போ, நம்ம ஆளுக இருக்காங்க" என்கிற ஒரு வார்த்தைதான் காரணம். ஊரிலிருந்து கிளம்பும்போது பாட்டி மடியில் முடிந்து கொடுக்கும் முகவரி அது. அமெரிக்கக் கறுப்பர்களுக்கு இதே வேலையை ஒரு அச்சடித்த புத்தகம் செய்தது. ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936இல் தொடங்கிய 'பச்சைப் புத்தகம்' முப்பது ஆண்டுகள் வந்தது. எந்த ஊரில் எந்த விடுதி, எந்த வீடு கறுப்பருக்குக் கதவைத் திறக்கும் என்கிற பட்டியல். இந்தப் புத்தகம் தேவைப்படாத நாள் வர வேண்டும் என்று அதை வெளியிட்டவரே விரும்பினார். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், நிறம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் அங்கே கையெழுத்தானது. சட்டத்தால் எல்லாம் மாறிவிடவில்லைதான். ஆனால் மறுத்தவனைக் கோர்ட்டுக்கு இழுக்க ஒரு வழி பிறந்தது.

நம் பக்கத்தில் இன்னொரு வழியும் நடந்தது. தென்காசிக்குப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரி 19 அன்று நூற்றுக்கணக்கான தலித்துகள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். ஊர் ரஹ்மத் நகர் ஆனது. டெல்லி வரைக்கும் கலங்கியது. வெளிநாட்டுப் பணம் என்றார்கள், சதி என்றார்கள். அந்த ஜனங்கள் சொன்ன மரியாதை என்கிற வார்த்தை மட்டும் யார் காதிலும் விழவில்லை. மதத்தின் நியாய அநியாயத்தை இங்கே பேசவில்லை. முகவரியைப் பேசுகிறோம். மற்றவர்கள் மரியாதையைத் தேடி ரயில் ஏறினார்கள். இவர்கள் வீட்டை விட்டு இறங்காமலே வேறு ஊருக்குக் குடிபோனார்கள்.

அரசாங்கம் என்ன செய்தது? 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. ஆரம்பத்தில் குடிசை நின்ற இடத்திலேயே அடுக்கு வீடுகள் கட்டினார்கள். 2000க்குப் பிறகு திசை மாறியது. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பிடுங்கி எடுத்துக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் விளிம்பில் கொட்டினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். போனவர்கள் எல்லாரும் தலித்துகள் அல்லர். ஆனால் நம்மவர் கணிசம். வேலை ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். வீட்டுவேலைக்குப் போகிற பெண்ணின் கூலியில் பாதி பஸ்ஸுக்குப் போனது. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை தர யோசிக்கிறார்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஊரிலிருந்து தள்ளி, வெள்ளம் தேங்கும் பள்ளத்தில், ஒரே இடத்தில் எல்லாரையும் வைப்பதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. 2021இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள்.

வேறு மாதிரிச் செய்ய முடியாதா? முடியும் என்று இதே அரசாங்கம்தான் காட்டியது. தென்மாவட்டக் கலவரங்களின் சூட்டில் 1997இல் சமத்துவபுரம் திட்டம் அறிவிக்கப்பட்டது. நூறு வீடு, தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. குறைகள் ஆயிரம் சொல்லலாம். ஆனால் அடுத்த வீட்டுக்காரன் யார் என்பதை அரசு தீர்மானிக்க முடியும் என்பதை அது ஒப்புக்கொண்டது. கிராமத்துக்குப் பொருந்திய இந்தக் கணக்கு, ஐடி கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கு ஏன் பொருந்தாமல் போனது?

சட்டத்துக்கு வருவோம். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவைப் பலர் படித்ததே இல்லை. எந்த வட்டாரத்திலும் குடியிருப்பு வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமையின் பேரில் தடை போடுவது குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. நூறு முதல் ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். சென்னையில் அந்த அபராதத்துக்கு ஒரு நாள் லாட்ஜ் அறைகூடக் கிடைக்காது. 'தீண்டாமையின் பேரில்' என்பதை நிரூபிக்க வேண்டும். "சைவக்காரங்களுக்குத்தான் குடுக்கிறது" என்று சொல்கிறவன் தீண்டாமை என்கிற வார்த்தையை உச்சரிப்பானா? அரசியல் சட்டத்தின் 15(2) கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று பட்டியல் போடுகிறது. வாடகை வீடு அதில் இல்லை. 2005இல் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், ஒரு சங்கம் தன் சமூகத்தாரை மட்டுமே உறுப்பினராக வைத்துக்கொள்ளலாம் என்றது உச்சநீதிமன்றம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. சட்டத்துக்குப் பணத்தைத் தெரிகிறது, தெருவைத் தெரியவில்லை.

இதற்கு இடையில் நம்மவர்களுக்குள் ஒரு விவாதம் உண்டு. தனியாக இருப்போமா, கலந்து இருப்போமா? 1942இல் நாக்பூர் மாநாட்டில் அம்பேத்கர் இயக்கம் தனிக் குடியேற்றங்கள் கேட்டுத் தீர்மானம் போட்டது. அது ஒதுங்கிப் போகும் ஆசையால் வந்ததல்ல. சாதி இந்துவின் வயலையும் கிணற்றையும் நம்பிக் கிடக்கும் நிலையை உடைக்கும் வழி. நாமே தேர்ந்தெடுத்துக் கூடி வாழ்வதும், போக வேறு இடமில்லாமல் குவிக்கப்படுவதும் ஒன்றாகாது. வியாசர்பாடியில் இருப்பவன் நாளைக்கே மயிலாப்பூரில் வீடு கேட்டால் கிடைக்கும் என்றால், வியாசர்பாடியில் இருப்பது அவன் விருப்பம். கிடைக்காது என்றால் அதற்கு வேறு பெயர்.

மாணவர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. வீடு மறுக்கப்பட்டால் தேதி, பகுதி, வாடகை, கேட்ட கேள்வி, சொன்ன பதில் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். ஒருவன் சொன்னால் அனுபவம் என்பார்கள். ஆயிரம் பேர் எழுதினால் அது சாட்சி. நகரத்தில் வீடு வாங்கிவிட்ட நம்மவர்கள், புதிதாக ஊரிலிருந்து வருகிற பிள்ளைக்கு முதலில் கதவைத் திறக்க வேண்டும். வாடகைச் சட்டத்தில் சாதி, மதம், உணவு பார்த்து வீடு மறுப்பது குற்றம் என்று ஒரு பிரிவு சேர்க்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குடிசை நின்ற மண் நமக்குச் சொந்தமாக 1891இலிருந்து 1971 வரை எண்பது ஆண்டு கேட்டோம். இதற்கு அவ்வளவு நாள் கொடுக்க முடியாது.