கூப்பனில் பிறந்த பற்று: நார்வேயில் ஆங்கிலக் கால்பந்து ரசிகர் மரபு உருவான வரலாறு

ஆங்கிலக் கால்பந்து கிளப் ஒன்றைக் கடல் கடந்து பின்தொடரும் ரசிகர் கூட்டம் என்பது 1992இல் பிரீமியர் லீக்கும் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் சேர்ந்து உண்டாக்கிய சந்தை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. நார்வேயின் வரலாறு இதற்கு ஒத்துவருவதில்லை. ஏறத்தாழ ஐம்பத்தைந்து லட்சம் பேரே வாழும் அந்நாட்டில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் இயங்கும் ரசிகர் மன்றங்கள் பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்டவை. கீழ்நிலை லீக்குகளில் ஆடும் சிறு கிளப்புகளுக்கும் அங்கே மன்றங்கள் உண்டு. இந்த மரபு பிரீமியர் லீக்கைவிட இருபது ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. அதை விதைத்ததில் ஆங்கிலக் கிளப்புகளுக்குப் பங்கே இல்லை என்று சொல்லலாம். பந்தயக் கூப்பனும், நாடு முழுவதற்கும் இருந்த ஒரே தொலைக்காட்சி அலைவரிசையும், நீண்ட பனிக்காலமும் சேர்ந்து அதை வளர்த்தன.

கால்பந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நார்வேயில் கால்வைத்தது. அதற்கும் பிரிட்டனோடு நிலவிய கப்பல், வணிகத் தொடர்புகளே வழி. 1902இல் நார்வே கால்பந்துச் சங்கம் தோன்றியது. எனினும் பிரிட்டிஷ் ஆட்டத்தின் மீதான பொதுவான மரியாதை வேறு, ஒரு குறிப்பிட்ட ஆங்கிலக் கிளப்பின் மீதான பற்று வேறு. இரண்டாவது உருவாக, வாரந்தோறும் அந்தக் கிளப்பின் பெயரைக் கேட்கவும் அதன் வெற்றி தோல்வியில் ஏதோவொரு வகையில் பங்கு கொள்ளவும் வாய்ப்பு வேண்டும். அந்த வாய்ப்பைக் கூப்பன் தந்தது.

நார்வேயின் பந்தய நிறுவனமான நோர்ஸ்க் டிப்பிங் 1946இல் நிறுவப்பட்டு, 1948 ஏப்ரலில் தன் முதல் கூப்பனை வெளியிட்டது. பன்னிரண்டு ஆட்டங்களில் ஒவ்வொன்றிலும் சொந்த ஊர் அணி வெல்லுமா, வந்த அணி வெல்லுமா, சமனில் முடியுமா என்று குறிக்க வேண்டும். வருவாய் விளையாட்டுக்கும் அறிவியல் ஆய்வுக்கும் போனதால், பந்தயத்தை ஐயத்தோடு பார்த்த லூத்தரன் சமூகத்திலும் கூப்பன் நிரப்புவது பெரிய பாவமாகத் தெரியவில்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பனி மூடிய மாதங்களில் நார்வே மைதானங்களில் பந்து உருளாது. 1963 முதல் உள்நாட்டு லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிந்துவிட்டது. கூப்பனுக்கோ ஆண்டு முழுவதும் ஆட்டங்கள் தேவை. குளிர்காலத்திலும் விடாமல் ஆடப்பட்ட ஆங்கில லீக் அந்த இடைவெளியை நிரப்பியது. ஸ்டோக், பர்ன்லி, பிரஸ்டன் போன்ற ஊர்கள் நிலப்படத்தில் எங்கே இருக்கின்றன என்று தெரியாத மீனவர்களும் மரம் வெட்டுவோரும் அவ்வூர் அணிகள் எப்படி ஆடிக்கொண்டிருக்கின்றன என்பதை அறிந்திருந்தார்கள். இது இன்னும் பற்று ஆகவில்லை. கணக்குப் பார்த்து வளர்ந்த பரிச்சயம் மட்டுமே.

அந்தப் பரிச்சயத்துக்கு முகம் கொடுத்தது தொலைக்காட்சி. 1969 நவம்பர் 29 சனிக்கிழமை, வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் அணி சண்டர்லேண்டை 1–0 என்று வென்ற ஆட்டம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நேரடியாக ஒளிபரப்பானது. சுவீடனில் அந்நிகழ்ச்சியின் பெயர் டிப்ஸெக்ஸ்ட்ரா. நார்வேயில் டிப்பெகம்பென், அதாவது கூப்பன் ஆட்டம். பந்தயம் கட்டியவர்கள் தங்கள் கூப்பனில் இருந்த ஓர் ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கட்டும் என்பதே ஏற்பாடு. மற்ற ஆட்டங்களின் முடிவுகள் ஒளிபரப்பின் ஊடே அவ்வப்போது அறிவிக்கப்படும். பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே.யைத் தவிர நாடு தழுவிய அலைவரிசை எதுவும் நார்வேயில் அன்று இல்லை. 1992இல் டிவி 2 வரும் வரை நிலைமை பெரிதாக மாறவுமில்லை. குளிர்காலச் சனிக்கிழமைப் பிற்பகலில் பெட்டியைத் திறந்தால் பனிச்சறுக்கு முடிந்து ஆங்கிலக் கால்பந்து. வேறு தெரிவு கிடையாது. நவம்பர் இறுதியில் ஆஸ்லோவில் பிற்பகல் மூன்றரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு விந்தை உண்டு. அதே சனிக்கிழமையில் இங்கிலாந்து மக்களால் அந்த ஆட்டத்தை வீட்டிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியவில்லை. மைதானத்துக்கு வரும் கூட்டம் குறைந்துவிடும் என்று கிளப் உரிமையாளர்கள் அஞ்சினார்கள். 1960 செப்டம்பரில் பிளாக்பூலும் போல்டனும் மோதிய ஆட்டம் ஒன்றை நேரடியாகக் காட்டிய சோதனை அதோடு நின்றுபோனது. பின்னர் காட்டப்பட்ட தொகுப்புகளே ஆங்கிலேயருக்குக் கிடைத்தவை. லீக் ஆட்டங்களின் நேரடி ஒளிபரப்பு அங்கே முறையாகத் தொடங்கியது 1983 அக்டோபரில்தான். ஆகவே பதினான்கு ஆண்டுகள், லீக் ஆட்டத்தை நேரடியாகக் காண்பதில் பெர்கனில் வசித்த சிறுவனுக்கு பர்மிங்காமில் வசித்த சிறுவனைவிட அதிக வாய்ப்பு இருந்தது. கடல் கடந்த ரசிகரை இரண்டாம்தர ரசிகராகப் பார்க்கும் வழக்கத்துக்கு இந்தச் செய்தி கொஞ்சம் இடைஞ்சலானது.

ஒளிபரப்பு பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் இருந்த முதல் ஆண்டுகளில் அணிகளின் நிறங்களைச் சிறுவர்கள் படங்களிலிருந்தும் இதழ்களிலிருந்தும் தெரிந்துகொண்டார்கள். ‘பில்லிஸ் பூட்ஸ்’ என்ற ஆங்கிலச் சித்திரக்கதை ‘பென்னி குல்ஃபோட்’ என்ற பெயரில் ‘பஸ்டர்’ இதழ் வழியே அவர்களை எட்டியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆங்கில அணி இருந்தாக வேண்டும் என்பது பள்ளிக்கூட வழக்கமாயிற்று. அணியைத் தேர்ந்த காரணம் பெரும்பாலும் அற்பமானது: முதலில் பார்த்த ஆட்டத்தில் வென்ற அணி, அண்ணனுக்குப் பிடிக்காத அணி, சட்டையின் நிறம். லீட்ஸ், டெர்பி, வுல்வர்ஹாம்ப்டன் போன்ற அணிகளின் ரசிகர்களில் அறுபது வயதை ஒட்டியவர்கள் நார்வேயில் இன்றும் தென்படுவதற்கு அந்த அணிகள் 1970களில் திரையில் தோன்றியதே விளக்கம். காரணம் அற்பமென்றாலும் தேர்வு நிலைத்தது. அணி இரண்டாம், மூன்றாம் பிரிவுகளுக்கு இறங்கிய பிறகும் பலர் அதை விடவில்லை, தம் பிள்ளைகளிடமும் சேர்த்தார்கள்.

வெளிநாட்டு லீக்கைத் தம் நாட்டு வீரர்களுக்காகவே மக்கள் பின்தொடர்கிறார்கள் என்ற விளக்கமும் இந்தக் காலத்துக்குப் பொருந்தாது. 1931இல் கொண்டுவரப்பட்ட வசிப்பிட விதி காரணமாக 1978 வரை ஆங்கிலக் கிளப்புகள் வெளிநாட்டு வீரர்களை எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியமாக இருந்தது. நார்வேயிலோ ஆட்டத்துக்கு ஊதியம் வாங்குவதற்கு 1980களின் நடுப்பகுதி வரை இடமில்லை. பற்று முதலில் வந்தது. நார்வே வீரர்கள் பின்னால் போனார்கள்.

1980களின் தொடக்கத்தில் இந்தச் சிதறிய பற்று அமைப்பாகத் திரண்டது. லிவர்பூலுக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் ஸ்காண்டிநேவிய ரசிகர் மன்றங்கள் தோன்றின. மற்றக் கிளப்புகளின் ரசிகர்களும் தொடர்ந்தார்கள். உறுப்பினர் இதழ் வெளியிடுவது, கிளப்பிடமிருந்து டிக்கெட் ஒதுக்கீடு பெறுவது, பயணம் ஏற்பாடு செய்வது ஆகியவை மன்றங்களின் வேலை. சந்தா செலுத்தி, ஆண்டுக் கூட்டம் நடத்தி, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை நார்வேயின் உள்ளூர் விளையாட்டுச் சங்கங்களிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. பயணத்துக்கு 1890இலிருந்தே ஓடிய பெர்கன்–நியூகாசில் கப்பல் தடம் உதவியது. மலிவு விமானங்கள் பெருகிய பின் 2008இல் அது நிறுத்தப்பட்டது. வெள்ளிக்கிழமை புறப்பட்டு, சனிக்கிழமை ஆட்டம் பார்த்து, கடைகளிலும் மதுக்கூடங்களிலும் பணத்தைக் கரைத்துவிட்டுத் திரும்பும் வார இறுதிப் பயணம் நார்வே ஆண்களிடையே ஏறத்தாழ ஒரு சடங்காகிவிட்டது. 1985இல் ஹெய்செல் மைதானப் பேரிடரைத் தொடர்ந்து ஆங்கிலக் கிளப்புகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்ட ஆண்டுகளிலும் இந்த ஆர்வம் மங்கவில்லை. ஐரோப்பாவின் பிற பகுதிகளில் ஆங்கில ரசிகர் என்றாலே வன்முறையாளர் என்று அஞ்சப்பட்ட காலம் அது.

ஆங்கிலக் கிளப்பை நேசிப்பது இங்கிலாந்தை நேசிப்பதாகிவிடுமா என்ற கேள்விக்கு தேசிய அணிகளின் மோதல்கள் விடை தந்தன. 1981 செப்டம்பர் 9 அன்று ஆஸ்லோவின் உல்லெவோல் மைதானத்தில் நார்வே இங்கிலாந்தை 2–1 என்று வீழ்த்தியபோது, வர்ணனையாளர் பியோர்கெ லில்லெலியன் நெல்சன், சர்ச்சில், இளவரசி டயானா, மார்கரெட் தாட்சர் என்று பிரிட்டிஷ் பெயர்களை அடுக்கி ஏளனம் செய்தார். உலகப் புகழ்பெற்ற அந்த வர்ணனையில் வெறுப்பு இல்லை. அந்த நாட்டின் ஆட்டத்தைப் பார்த்தே வளர்ந்த ஒருவரின் உரிமைக் கிண்டல் அது. 1993 ஜூனில் நார்வே மீண்டும் 2–0 என்று வென்றது. 1994 உலகக் கோப்பைக்கு நார்வே சென்றது, இங்கிலாந்து செல்லவில்லை. தொலைதூர ரசிகர்களை ஆராய்ந்த நார்வே மானுடவியலாளர் ஹான்ஸ் ஹொக்னெஸ்டாட், இவர்கள் ஒரு பற்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவவில்லை, உள்ளூர் அணி, தேசிய அணி, ஆங்கில அணி ஆகியவற்றைச் சேர்த்தே சுமக்கிறார்கள் என்று காட்டினார். நார்வே லீக் மைதானங்களில் 1990களில் பரவிய கூட்டுப் பாடல்களும் பெரிதும் ஆங்கில மெட்டுகளைத் தழுவியவையே.

வீரர்களின் புலம்பெயர்வு இதன் அடுத்த கட்டம். கோல்கீப்பர் எரிக் தோர்ஸ்ட்வெட் 1988 இறுதியில் டோட்டன்ஹாமில் சேர்ந்து 1991இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றார். 1990களின் இறுதியில் பிரீமியர் லீக்கின் வெளிநாட்டு வீரர்களில் நார்வேக்காரர்கள் மிகப் பெரிய குழுக்களில் ஒன்றாக இருந்தார்கள். விலை குறைவு, ஆங்கிலம் தெரியும் என்பவற்றோடு, ஆங்கில ஆட்டத்தின் வேகமும் மோதலும் அவர்களுக்குச் சிறுவயதிலேயே பழகியிருந்தன. 1999 மே 26 அன்று பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் பேயர்ன் மியூனிக்குக்கு எதிராகக் கூடுதல் நிமிடங்களில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக ஊலே குன்னார் சோல்ஷேர் அடித்த வெற்றி கோல் இந்த மரபின் உச்சம். சரிவும் உடனே வந்தது. விம்பிள்டன் கிளப்பை 1997இல் வாங்கிய நார்வே செல்வந்தர்கள் ஷெல் இங்கெ ரொக்கெயும் பியோர்ன் ரூனெ யெல்ஸ்டெனும் தங்கள் நாட்டின் புகழ்பெற்ற பயிற்சியாளர் எகில் ஓல்சனை 1999இல் அமர்த்தினார்கள். 2000இல் அணி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. கிளப் மில்டன் கீன்ஸுக்கு இடம்பெயர 2002இல் அனுமதி கிடைத்ததுமே உள்ளூர் ரசிகர்கள் புதிய கிளப்பைத் தாமே தொடங்கிக்கொண்டார்கள், 2003இல் பழைய கிளப் இடம்பெயர்ந்தது.

இதற்கிடையே இங்கிலாந்து மைதானங்களே உருமாறின. 1989 ஹில்ஸ்பரோ மைதானப் பேரிடருக்குப் பின் வந்த டெய்லர் அறிக்கையின்படி மேல்நிலைப் பிரிவுகளின் மைதானங்கள் முழுவதும் இருக்கைகளாயின. டிக்கெட் விலை ஏறியது. தொலைவிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை வந்து தாராளமாகச் செலவிடும் ரசிகர், வாராவாரம் வரும் உள்ளூர்க்காரரைவிட கிளப்பின் வருவாய்க்கு லாபமானவரானார். உரசல் இங்கேதான் தொடங்கியது. 2016 பிப்ரவரியில் 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து லிவர்பூல் ரசிகர்கள் சண்டர்லேண்டுடனான ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் வெளியேறினார்கள், உரிமையாளர்கள் பணிந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகளால் மைதானத்தின் ஆரவாரம் குறைகிறது என்ற குறை உள்ளூரில் அடிக்கடி ஒலிக்கிறது. குழந்தைப் பருவத்திலிருந்து ஒரே அணியோடு வாழ்ந்த நார்வேக்காரரையும் ஒருநாள் சுற்றுலாப் பயணியையும் அது ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை. ஆனால் இருவருக்கும் விற்கப்படும் இருக்கை ஒன்றே என்பதால் குறையை அடியோடு தள்ளவும் முடியாது.

பொது ஒளிபரப்பில் இலவசமாகக் கிடைத்த ஆங்கிலக் கால்பந்து 1990களில் மெல்லக் கட்டண அலைவரிசைகளுக்கு நழுவியது. நார்வே உரிமையை 2010 முதல் 2022 வரை டிவி 2 வைத்திருந்தது. அடுத்த ஆறு பருவங்களுக்கு வையாப்ளே பெற்றது. கூப்பனோடு இலவசமாக வந்த ஒன்றுக்கு இப்போது மாதந்தோறும் கணிசமான சந்தா கட்ட வேண்டும். மான்செஸ்டர் சிட்டிக்காக எர்லிங் ஹாலண்ட் 2022–23 பருவத்தில் 36 லீக் கோல்கள் அடித்ததும், மார்ட்டின் ஓடேகோர் ஆர்சனலின் தலைவரானதும் இளையோரைச் சந்தாதாரர்களாகத் தக்கவைக்கின்றன. இவர்களில் பலர் கிளப்பைவிட வீரரையே பின்தொடர்கிறார்கள். அந்த அளவில் இது பழைய மரபிலிருந்து விலகல். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதன் விளைவாக, 2025 ஏப்ரல் முதல் நார்வேக்காரரும் பயணத்துக்கு முன் மின்னணு அனுமதி பெற வேண்டியுள்ளது.

2025 மே மாதத்தில் யூரோப்பா லீக் அரையிறுதியில் டோட்டன்ஹாமும் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள பூடோ/கிளிம்ட் அணியும் மோதின. நார்வேக் கிளப் ஒன்று ஐரோப்பியப் போட்டியில் அரையிறுதியை எட்டியது அதுவே முதல் முறை. இருவேறு பருவங்களில், இருவேறு லீக்குகளில் ஓடியதால் ஒன்றோடொன்று முட்டாமல் இருந்த இரண்டு பற்றுகளில் எது முந்தியது என்று டோட்டன்ஹாமின் நார்வே ரசிகர்கள் அந்த எட்டு நாள்களில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. சுமார் எட்டாயிரம் பேரே அமரக்கூடிய ஆஸ்ப்மிரா மைதானத்து டிக்கெட்டுக்கு நாடெங்கும் அலைமோதல். லண்டனில் 3–1, பூடோவில் 2–0 என்று வென்ற டோட்டன்ஹாம், பில்பாவோ இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1–0 என்று தோற்கடித்துக் கோப்பையைக் கைப்பற்றியது.